இடம் மாறிய வரி

போயானுக்குக் கல்லூரியில் படிக்கும்போது பார்வை போனது. அதை அவன் மறைத்ததும் இல்லை, பெரிதாகப் பேசியதும் இல்லை. எங்கள் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்த அன்று முதலாளி ஜியென், "கண்ணு தெரியாம எப்படிப்பா ப்ரோக்ராம் எழுதுவே?" என்று கேட்டிருக்கிறார். "நீங்க விக்கிற மெஷினை வெச்சுத்தான். அது சரியா வேலை செய்யலைன்னா என்னை எடுக்காதீங்க," என்றானாம். ஜியென் அன்றைக்கே சேர்த்துக்கொண்டுவிட்டார்.

நாங்கள் செய்வது பிரெயில் கருவி. கணினி விசைப்பலகைக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் ஒரு நீளப் பட்டை அது. திரையில் இருக்கும் வரி அதில் புள்ளிப் புள்ளியாக எழும்பி நிற்கும். விரலால் தடவிப் படிக்கலாம். பொத்தானை அழுத்தினால் அந்தப் புள்ளிகள் இறங்கி அடுத்த வரி எழும்பும். தைவானின் தைச்சுங் நகரத்தில், ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் இடம். நான் அங்கே தொலைபேசி எடுப்பவள். புகார், பழுதுக்கு வரும் கருவி, பார்சல், அழுகை எல்லாம் என் மேசைக்குத்தான் முதலில் வரும். லியேன் அக்கா என்றால் எங்கள் கருவி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

பெய்ரோங் பிறகுதான் வந்தாள். ஜியாயி நகரத்துக்கு மேற்கே கடலோர ஊர்; அப்பா சிப்பி வளர்க்கிறவர். மெல்லிய குரல். அவள் பேசினால் கீழே ஓடும் ஸ்கூட்டர் சத்தத்தில் பாதி காணாமல் போய்விடும்.

ஒரே கருவிக்கு இரண்டு பேர் எழுத வேண்டியிருந்தது. புள்ளிகளாக எழும்பும் ஊசிகளை ஏற்றி இறக்கும் லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பு போயானுடையது. சி மொழியில் எழுதியது. ஆவணத்தைத் திறந்து, எழுத்தைப் புள்ளிகளாக மாற்றி, எந்த வரியைக் காட்டுவது என்று முடிவு செய்யும் மென்பொருள் பெய்ரோங்குடையது. அது சி ஷார்ப் என்ற வேறு மொழி. இவள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஸ்ட்ரக்சர் தயாரித்து அவன் லைப்ரரியிடம் கொடுக்க வேண்டும். கர்சர் எந்த இடம், அது துடிக்க வேண்டுமா வேண்டாமா, மொத்தம் எத்தனை கட்டம், நினைவகத்தில் புள்ளிகள் கிடக்கும் விலாசம் எது என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அந்த வரிசையும் அளவும் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாயிருக்க வேண்டும். ஒரு பைட் தள்ளிப்போனாலும் அந்தப் பக்கம் படிக்கும்போது எல்லாம் குளறிவிடும். நான் கணினிப் படிப்புப் படித்தவள் இல்லை. இவர்கள் இரண்டு பேரும் வாதாடியதைக் கேட்டுக் கேட்டே இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

அவள் வந்த புதிதில் நடந்தது இது.

"துடிக்கிற ஃபீல்டுக்கு அப்புறம் உன் பக்கம் கொஞ்சம் இடம் காலியாக் கிடக்கு. எதுக்கு?" என்றான் போயான்.

"நான் வைக்கலீங்க. கம்பைலர் தானா வைக்குது."

"கம்பைலர் மேல பழியைப் போடாதே. இடைவெளி விடாம அடுக்குன்னு சொன்னா அடுக்கும்."

"சொல்றேன். நீங்க மெதுவாச் சொன்னாலும் எனக்குக் கேக்கும்."

போயான் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள். முனைக்கடையில் கொழுக்கட்டை சூப். மாலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அவன் நடப்பான். பள்ளம் வந்தால் அவள் சொல்ல மாட்டாள், நடையைக் கொஞ்சம் தளர்த்துவாள். அவனுக்கு அது போதும். மாடி ஜன்னலிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். என் வயதில் இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கத் தெரியும்.

அவளுக்கு இன்னொரு காரியமும் இருந்தது. சனிக்கிழமைகளில் ரயிலேறி ஃபெங்யுவானுக்குப் போய்விடுவாள். அங்கே கோ டீச்சர் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் புதுக் கருவியைச் சந்தைக்கு விடுமுன் பயன்படுத்திப் பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தவர். பெய்ரோங் அவரிடம் விரலால் பிரெயில் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கண்ணால் புள்ளிகளைப் பார்த்துப் படிக்க அவளுக்கு முன்பே தெரியும். விரலால் படிப்பது வேறு. ஆரம்பத்தில் ஒரே எழுத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள் என்று கோ டீச்சர் சொல்வார். "போயான் கிட்ட சொல்லாதீங்க அக்கா. நல்லா வந்தப்புறம் நானே சொல்லிக்கிறேன்," என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

வெயில் காலத்தில் கோ டீச்சரிடமிருந்து அந்த அழைப்பு வந்தது.

"லியேன், இந்தப் புது மெஷின் அப்பப்ப உளறுது."

"எப்படி உளறுது டீச்சர்?"

"நல்லாத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். விரல் வரிக்கு நடுவுல போறப்பவே அடியில புள்ளியெல்லாம் மாறிடுது. அர்த்தமே இல்லாத எழுத்தா வருது. முந்தின வரிக்குப் போயிட்டுத் திரும்ப வந்தா சரியா இருக்கு. எனக்குத்தான் வயசாயிடுச்சோன்னு நினைச்சேன்."

"உங்களுக்கு வயசாகல. நான் சொல்றேன் அவங்க கிட்ட."

சொன்னேன். அன்றிலிருந்து பிடித்தது சனி. போயான் தன் லைப்ரரியைத் தானே எழுதிய சிறிய சோதனை நிரலால் நாள் முழுக்க ஓட்டினான். ஒரு புள்ளி பிசகவில்லை. பெய்ரோங் தன் பக்கத்தில் ஒரு பக்கக் கதை, பாட்டு என்று எதையெதையோ ஓட்டிப் பார்த்தாள். அதுவும் சரியாகவே வந்தது. டீச்சர் வீட்டில் மட்டும்தான் உளறியது. ஸ்ட்ரக்சரின் ஒவ்வொரு ஃபீல்டையும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சரி பார்த்தார்கள். வரிசை சரி, அளவு சரி. தப்பு யார் பக்கம் என்று மட்டும் தெரியவில்லை. அது தெரியாத இடத்தில் இரண்டு பேர் எத்தனை நாள் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்க முடியும்?

ஒரு நாள் பெய்ரோங், "என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, திரையில பார்த்துட்டேன்," என்றாள்.

"திரையில பார்த்துட்டே." போயான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "விரலை வெச்சுப் படிக்கிறவங்களுக்கு நடு வரியில எழுத்து மாறினா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? காலுக்குக் கீழ படி நகர்ற மாதிரி இருக்கும். உனக்கு இது வேலை. பிடிக்கலைன்னா நாளைக்கு வேற வேலைக்குப் போயிடுவே. எங்களுக்குப் படிக்கிறதுக்கு இதை விட்டா வேற இல்ல."

பெய்ரோங்கின் வலது ஆள்காட்டி விரல் மேசை விளிம்பில் இருந்தது. அவள் அதை மெல்ல மடக்கிக்கொண்டாள். எனக்கு வாய் நமநமவென்று வந்தது. எழுந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று. அப்புறம் சூப்புக் கடைக்கு அவன் தனியாகத் தடியைத் தட்டிக்கொண்டு போனான். அவள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தாள். ஸ்ட்ரக்சரைப் பற்றிப் பேச வேண்டியதை மட்டும் செய்தியாகத் தட்டி அனுப்பிக்கொண்டார்கள், ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு.

இந்த நிலைமையில் கோ டீச்சரின் மகள் கல்யாணம் வந்தது.

மகள் பெயர் ஜிங்வென். அவள் சின்னவளாக இருந்தபோதே டீச்சரின் கணவர் இறந்துவிட்டார். அம்மாவும் பெண்ணுமாகவே இருந்தவர்கள். விருந்தில் டீச்சர் பேசுவதற்கென்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். பழைய கருவியைக் கொண்டுபோங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"அது கடகடன்னு சத்தம் போடும் லியேன், மைக்குல கேக்கும். அதோட, அந்தப் பொண்ணும் பையனும் ராப்பகலா உழைச்சுச் செஞ்ச மெஷின். நான் இதைத்தான் கொண்டு போவேன்."

மதிய விருந்து. சிவப்புத் துணி விரித்த வட்ட மேசைகள், மேடை மேலே பெரிய பூ வளையம். எங்களை மேடைக்குப் பக்கத்து மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். கருவியைக் கணினியோடு இணைத்துக் கொடுத்துவிட்டு வந்த பெய்ரோங்குக்கு மிச்சமிருந்தது ஒரே நாற்காலி, போயானுக்குப் பக்கத்தில். உட்கார்ந்தாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கிண்ணத்தில் நான்தான் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன்.

கோ டீச்சர் கருநீலப் பட்டுச் சட்டையில் மேடை ஏறி, கருவிக்கு முன்னால் உட்கார்ந்தார். காலை முழுவதும் அதே ஆவணத்தைத் திறந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பழகிப் பார்த்திருந்தார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொன்னார். "ஜிங்வென் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சப்போ..." என்று தொடங்கியவர் சட்டென்று நின்றார்.

பக்கத்தில் பெய்ரோங் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. போயானுக்கும் கேட்டிருக்கும், அவன் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தான்.

மேடையில் டீச்சரின் விரல் வரியின் நடுவில் நின்றது. பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது. பிறகு அவர் சிரித்தார். கையைக் கருவியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் கடைசியாச் சொல்லணும்னு வெச்சிருந்த வரி இப்பவே வந்து நிக்குது," என்றார். "சரி, வந்துட்டா சொல்லிடறேன். இந்தப் பொண்ணு சின்னதுல தெருவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டே நடக்கும். பாக்கிறவங்க எல்லாம், பாவம், அம்மாவுக்கு வழி காட்டுது, எவ்வளவு பொறுப்புன்னு சொல்வாங்க. நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா உண்மை என்னன்னா, இவளுக்கு இருட்டுன்னா பயம். விளக்குப் போன சந்துல எனக்குத்தான் பயமே இல்லையே. நான்தான் இவளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஊர்ல நல்ல பேரு மட்டும் இவ வாங்கிக்கிட்டா."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மணப்பெண் சிரித்துக்கொண்டே அழுதாள், எழுந்து ஓடிவந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு டீச்சர் கருவியைத் தொடவே இல்லை. மனதில் இருந்ததைப் பேசினார்.

எங்கள் மேசைக்கு அவர் வந்தபோது நண்டு வைத்து அவித்த பிசினரிசிச் சோறு வந்திருந்தது. பெய்ரோங் எழுந்து, "மன்னிச்சுக்குங்க டீச்சர்," என்றாள்.

"எதுக்கு? நல்லாத்தானே ஆச்சு. கடைசில சொல்லியிருந்தா பாதிப் பேர் எழுந்து போயிருப்பாங்க."

போயான் குறுக்கிட்டான். "டீச்சர், வந்தது உளறல் இல்லையா? உங்க வரியேதானா?"

"என் வரியேதான். ஒரு எழுத்து விடாம."

"முன்னாடி, பின்னாடி எதுவும் ஒட்டிக்கல? சுத்தமா முழு வரி?"

"முழு வரி. எங்கேயோ கடைசில இருந்த வரி நடுவுல வந்துடுச்சு. என்னப்பா, சாப்பிட விடாம விசாரணை பண்றே?"

போயான் கையைப் பக்கவாட்டில் நீட்டினான். "பெய்ரோங் எங்க?"

"பக்கத்துலதான் இருக்கேன்."

"நீ எல்லா வரியையும் முன்கூட்டியே புள்ளியா மாத்தி வெச்சிருக்கியா?"

"ஆமா. அப்பதான் வேகமா இருக்கும்."

"எல்லாம் ஒரே அளவு?"

"ஒரே அளவுதான்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "நகருது," என்றாள். "என் பக்கம் நகருது."

"ஆமா. நான் நகரலை."

"எனக்கும் டீச்சருக்கும் புரியிற மாதிரி சொல்லுங்கப்பா," என்றேன்.

போயான் டீச்சர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "இவ எழுதுற மொழியில நினைவகத்தை யாரும் கையால பாத்துக்க வேண்டாம் டீச்சர். அதுக்குள்ளயே ஒரு துப்புரவு வேலை நடக்கும். வேண்டாததை எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தை நெருக்கி அடுக்கும். அப்போ வரிங்க இடம் மாறும். இவ மொழிக்கு அது தெரியும், புது இடத்துல போய்ப் பாத்துக்கும். என் லைப்ரரிக்குத் தெரியாது. இவ ஸ்ட்ரக்சர்ல எழுதிக் கொடுத்த பழைய விலாசத்தையே பிடிச்சுக்கிட்டு, ஊசியைப் புதுப்பிக்கிறதுக்கு அப்பப்ப அங்க போய் மறுபடி படிக்குது. அந்த இடத்துல வேற என்னென்னமோ குடிவந்திருக்கும். இன்னிக்கு உங்க கடைசி வரி."

"மறுபடி படிப்பீங்களா?" பெய்ரோங் கேட்டாள். "கூப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான் அந்த விலாசம்னு நான் நினைச்சேன். அதுவரைக்கும் நகராது. திரும்பி வந்தப்புறம் உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு..."

"தேவைப்படுது."

"எங்கேயும் நீங்க எழுதி வைக்கலியே."

"வைக்கல." கொஞ்சம் கழித்து, "என் சோதனை நிரலும் சிதான். அங்க எதுவும் நகராது. அதான் எனக்குத் தெரியவே இல்ல," என்றான்.

"நான் ஓட்டினதெல்லாம் சின்ன ஃபைல், அதுவும் கொஞ்ச நேரம்தான். டீச்சர் மாதிரி மணிக்கணக்கா ஓட்டல. துப்புரவுக்கே வேலை வந்திருக்காது," என்றாள் அவள்.

கோ டீச்சர் கையால் மேசையைத் தடவி, பெய்ரோங்கின் கிண்ணத்தைக் கண்டுபிடித்து அவள் பக்கம் தள்ளினார். "ஆறிப்போகுது. ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு அப்புறம் யாரு தப்புன்னு பிரிச்சுக்குங்க."

அடுத்து வந்த விடுமுறை நாள் காலையில் அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி என்னைத்தான் எழுப்பினார்கள். வெளியே மழை. தப்பைப் பிரித்துக்கொள்வதில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. புள்ளிகளை நகராதபடி தன் பக்கத்திலேயே கட்டி வைத்துவிடுவதாக அவள் சொன்னாள். அவன் கேட்கவில்லை. "நாளைக்கு வேற யாராவது இந்த லைப்ரரியைக் கூப்பிடுவாங்க. அவங்களுக்கும் இதே கதி வரும். நீ கொடுத்த உடனே ஸ்ட்ரக்சரையும் புள்ளியையும் நான் என் இடத்துல நகல் எடுத்து வெச்சுக்கறேன். அப்புறம் உன் வரி எங்க வேணும்னாலும் போகட்டும்."

பிரெயிலில் அச்சிட்டால் முழங்கால் உயரம் வரும் ஒரு நாவலைக் கணினியில் ஏற்றினார்கள். துப்புரவு வேலை வேண்டுமென்றே அடிக்கடி நடக்கும்படி அவள் ஏற்பாடு செய்தாள். போயான் தன் மேசையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். பெய்ரோங் பிரெயில் பட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, விரலை வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் போயான் காதிலிருந்ததைக் கழற்றினான். "யாரு படிக்கிறது? கோ டீச்சர் வந்திருக்காங்களா?"

"இல்லையே," என்றேன்.

"விரல் போற சத்தம் கேக்குதே. வரி முடிஞ்சதும் பொத்தானும் அழுத்துறாங்க. பழக்கம் இல்லாத விரல், ஆனா படிக்குது."

நான் பெய்ரோங்கைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"நான்தான்," என்றாள்.

"எப்போலேருந்து?"

"குளிர்காலத்துலேருந்து. சனிக்கிழமை போவேன்."

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, "நாவலை நிறுத்து. என் பக்கத்துலேருந்து நேரா ஒண்ணு அனுப்பறேன்," என்றான். தட்டினான். பட்டையில் புள்ளிகள் எழுந்தன. பெய்ரோங்கின் விரல் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது; நடுவில் ஒரு எழுத்தில் தடுமாறி, பின்னால் வந்து, தாண்டிப் போனது. வரியின் முடிவுக்கு வந்தவள் பொத்தானை அழுத்தவில்லை. ஆரம்பத்துக்கே போய் மறுபடி படித்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னம்மா வந்துச்சு?" என்று அப்புறம் கேட்டேன்.

"டெஸ்ட் டேட்டா, அக்கா."

"சரியா வந்துச்சா?"

"சரியா வந்துச்சு."

"அது அழிஞ்சிடாது இல்ல?" என்று அவனிடம் கேட்டாள்.

"நீ சொல்ற வரைக்கும் அழியாது," என்றான் போயான்.

மதியம் இருவரும் ஒரே குடையில் சூப்புக் கடைக்குப் போனார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

புதுக் கருவி இலையுதிர் காலத்தில் சந்தைக்குப் போனது. உளறுகிறது என்று அதற்குப் பிறகு ஒரு அழைப்பும் வரவில்லை. பொத்தான் கெட்டியாக இருக்கிறது என்றுதான் வந்தது. கோ டீச்சர் இப்போது அதில், கல்யாணமாகிப் போன ஜிங்வென் ஹுவாலியனிலிருந்து அனுப்பும் செய்திகளைப் படிக்கிறார்.

நிலாப் பண்டிகைக்கு முன் ஞாயிற்றுக்கிழமை பெய்ரோங் போயானைத் தன் ஊருக்கு அழைத்துப் போனாள். என் காரில்தான் போனோம். அவள் அம்மாவுக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. நாற்காலியை நகர்த்தினார், தண்ணீர் கொண்டுவந்தார், மறுபடி நாற்காலியை நகர்த்தினார். அப்பா கறுத்து ஒல்லியான மனிதர். முற்றத்தில் அடுப்பு மூட்டிச் சிப்பி சுட்டுக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னதற்கு ம் என்றதோடு சரி.

போயான் அவர் பக்கத்தில் போய்க் குந்தினான். "எனக்கும் ஒரு கத்தி கொடுங்கப்பா. நானும் திறக்கறேன்."

அவர் அவன் கையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"ஓடு கிழிக்கும்," என்றார். "அந்த விரலாலதான் படிக்கிறேன்னு இவ சொன்னா."

"பரவாயில்லப்பா, ஜாக்கிரதையா செய்வேன்."

"வேண்டாம். என் விரல் எவ்வளவு கிழிஞ்சாலும் சிப்பி திறக்கும்." ஒரு சிப்பியை எடுத்துக் கத்தி நுனியால் நெம்பித் திறந்து, சாறு சிந்தாமல் அவன் கிண்ணத்தில் கவிழ்த்தார். "சாப்பிடு. சூடு. ஊதிச் சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். அவர் அடுத்ததைத் திறந்தார். பெய்ரோங் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று அவன் சொல்லவே இல்லை, அவரும் நிறுத்தவில்லை. கடைசியில் அம்மாதான் உள்ளேயிருந்து வந்து, "எங்களுக்கும் ரெண்டு வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.